குறுகச் சம்மதித்த பகுதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை ஒரு காலையில் முடிந்துவிட்டது. மீதி ஆறரை மாதமும் கூட்டம்.

நான் திரைக்குக் கட்டம் போடுகிறவள். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் எது மேலே நிற்க வேண்டும், எது கீழே நிற்க வேண்டும், திரை சின்னதானால் எது எங்கே போக வேண்டும் என்று எழுதி வைப்பது என் பிழைப்பு. எழுதியது சரியாக இருந்தால் இப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. தப்பாக இருந்தால்தான் போன் அடிக்கும். பதினெட்டு வருஷமாக இப்படித்தான் வண்டி ஓடுகிறது.

துணைக்கருவி வாரியம் என்று ஓர் அலுவலகம். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி, காது கேளாதவர்களுக்குக் காது மெஷின், கால் வளைந்த குழந்தைகளுக்குக் கம்பி வைத்த பூட்ஸ், இதையெல்லாம் கொடுக்கிற இடம். கொடுப்பதற்காக ஏற்பட்ட இடம் என்றால் இன்னும் சரியாக இருக்கும். அங்கே இருபது வருஷத்துப் பழைய மென்பொருள் ஒன்று ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் குடியிருந்தது. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இடது பக்கம் பிரிவுகளின் பட்டியல், வலது பக்கம் குறிப்புரை, நடுவில் மனு. மனுவின் அடியில் ‘அனுமதி’ என்று ஒரு பொத்தான். அந்தக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக உயிரை விட ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் பிரவுசருக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. உத்தரவில் இரண்டே நிபந்தனைகள். புதிதாக இருக்க வேண்டும். பழையதுபோலவே இருக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தில், உத்தரவு வந்த அன்றைக்கே பழைய மென்பொருளை நிறுத்திவிட்டார்கள்.

பழையதுபோல என்றால், பக்கம் முழுவதும் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. மேல்பட்டை மேலேயே நிற்க வேண்டும், கீழ்ப்பட்டை கீழேயே நிற்க வேண்டும், நடுவில் இருப்பது மட்டும் தனக்குள்ளேயே உருள வேண்டும். ஒரு காலத்தில் இதற்குப் பிக்சல் பிக்சலாக, அதாவது திரையின் புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டுக் கண் பூத்துப் போகும். இப்போது ஃப்ளெக்ஸ்பாக்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. அது புரிவதற்கு மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டை நினைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று விஷயம் எழுத வேண்டும். உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்? மிச்சம் இருந்தால் எவ்வளவு பரந்து உட்காருவாய்? நெருக்கடி வந்தால் எவ்வளவு ஒடுங்கிக்கொள்வாய்? இந்த மூன்றையும் எழுதிவிட்டால் பிரவுசரே ஆட்களை உட்கார வைத்துவிடும். சண்டை கிடையாது. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்கு முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

வாரியத்து வேலையை நான் ஒப்புக்கொண்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அக்காவுக்கு ஒரே மகள், எட்டு வயது. வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம், அந்தப் பெயர் அவளுக்குப் பொருத்தமும்கூட. பிறந்ததிலிருந்தே இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும். கம்பி வைத்த பூட்ஸ் போட்டால் நேராக நடப்பாள். பழைய பூட்ஸ் கடிக்க ஆரம்பித்துக் கணுக்காலில் புண். அக்கா துணியைச் சுற்றி அதற்குமேல் பூட்ஸை மாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருந்தாள். புது பூட்ஸுக்கு மனு கொடுத்தாயிற்று. டாக்டர் பார்த்தாயிற்று, அளவெடுத்தாயிற்று, எல்லாக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. கவுண்டரில் அந்த ‘அனுமதி’ பொத்தானை அமுக்குவது மட்டும் பாக்கி. அமுக்குகிற நேரத்தில்தான் மென்பொருளை நிறுத்தினார்கள்.

அளவுச் சீட்டு எட்டு மாதம் செல்லும். அதற்குள் அனுமதி விழவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து வரிசை. நான் வேலையில் சேர்ந்தபோது சீட்டுக்கு ஒரு மாதம் வயதாகியிருந்தது. ஒரு காலையில் முடிகிற வேலைதானே, அடுத்த வாரமே பூட்ஸ் என்று அக்காவிடம் வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். வாரியத்தில் மட்டும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால், வேலை செய்பவரின் சொந்தக்காரர் மனு என்று தனி வரிசைக்குப் போய்விடும். தனி வரிசை இன்னும் நீளம் என்று கேள்வி.

திரையைக் காட்டிய அன்று இயக்குநர் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் பிடித்துத்தான் இருந்தது. முத்திரைப் பிரிவின் அதிகாரி மவுஸைக் கேட்டு வாங்கினார். எந்தக் காகிதத்திலும் அவர் குறிப்புரை விழாமல் முத்திரை விழாது. அதனால் அவருக்குப் பெயரே முத்திரைதான். பிரவுசரின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினார். திரை குறுகக் குறுக, நான் எழுதியபடியே எல்லாப் பகுதியும் கொஞ்சம் கொஞ்சம் ஒடுங்கின. எனக்கு உள்ளுக்குள் பெருமை.

“எங்க பகுதி ஏம்மா ஒடுங்குது?” என்றார்.

“திரைய சின்னதாக்குனீங்க சார். இடம் கொறஞ்சா எல்லாமே கொஞ்சம் ஒடுங்கிக்கும்.”

“நான் திரையத்தானே சின்னதாக்குனேன். என் பிரிவ யாரு சின்னதாக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல சார். பிரவுசர் தானா பண்ணுது.”

“தானான்னா? எழுத்துல இருக்கா இல்லையா?”

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். பதினெட்டு வருஷ அனுபவம் இருந்தும் புத்தி வரவில்லை. நான் எழுதிய நிரலைத் திறந்து அந்த வரியைக் காட்டி, ஒடுங்கும் தன்மை ஒன்று, அதாவது தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும் என்று தமிழில் விளக்கமும் சொன்னேன். இடது பக்கப் பட்டியலுக்குப் பொறுப்பான கண்காணிப்பாளர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“அப்ப இது கொள்கை முடிவு,” என்றார். “இத ஒரு கான்ட்ராக்ட் ஆளு எடுத்திருக்காங்க.”

மறுநாள் அகலப் பங்கீட்டு ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது.

குழு கூடிய அறையில் எட்டுப் பேர் உட்காரும் மேஜை. உறுப்பினர்கள் எட்டுப் பேரும் வந்து, கோப்புகளையும் கைகளையும் பரத்தி உட்கார்ந்தார்கள். யாரும் நகரவில்லை. நான் வாசற்படியை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். ஆறரை மாதமும் என் இருக்கை அதுதான். டீ கொண்டுவருகிறவர் ஒவ்வொரு தடவையும் “கொஞ்சம் காலு” என்பார், நான் காலை மடக்கிக்கொள்வேன்.

முதல் கூட்டத்தில் இரண்டாவது கூட்டத்துக்குத் தேதி வைத்தார்கள். இரண்டாவது கூட்டத்தில், எந்தெந்தப் பிரிவு ஒடுங்கச் சம்மதிக்கிறது என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்பது என்று முடிவு. ஒன்றரை மாதம் கழித்துப் பதில்கள் வந்தன. முத்திரைப் பிரிவு சம்மதிக்கவில்லை. கண்காணிப்பாளரின் பிரிவுப் பட்டியலும் சம்மதிக்கவில்லை. அதுவரை திரையிலேயே இல்லாத தணிக்கைப் பிரிவும் சட்டப் பிரிவும், தங்களுக்கும் ஒவ்வொரு பகுதி ஒதுக்க வேண்டும் என்றும், ஒதுக்கியபின் ஒடுங்கச் சம்மதமில்லை என்றும் ஒரே கடிதத்தில் எழுதியிருந்தன. அந்த நாலு பிரிவுக்கும் ஒடுங்கும் தன்மை பூஜ்யம் என்று எழுதினேன்.

பிறகு வளரும் தன்மைக்கு வந்தார்கள். மிச்ச இடம் இருந்தால் யாருக்கு எவ்வளவு என்பதற்கு ஓர் எண். எல்லோருக்கும் ஒன்று என்று நான் எழுதியிருந்தேன். எல்லோருக்கும் ஒன்று என்றால் யார் பெரியவர் என்று எப்படித் தெரியும் என்று தணிக்கை கேட்டார். கண்காணிப்பாளர் அம்மா இரண்டு வாங்கினார். முத்திரை, தான் அவருக்கு நாலு வருஷம் சீனியர் என்று நியமன உத்தரவைக் கொண்டுவந்து காட்டி மூன்று வாங்கினார். தசமம் போடலாமா என்று சட்டப் பிரிவு ரகசியமாகக் கேட்டது. போடலாம் என்று நான் சொல்லித் தொலைத்ததில் சட்டப் பிரிவுக்கு மூன்றரை ஆயிற்று. அதற்கு அப்புறம் ஏழு வாரம் தசமத்தில் போயிற்று.

இயக்குநர் கடைசியில் தலையிட்டார். “உங்களுக்குள்ள எப்படியோ பாத்துக்கங்க. ஆனா என் பட்டையோட எண்ணவிட யாரோட எண்ணும் பெருசா இருக்கக் கூடாது.”

அவருடைய படமும் வாரியத்தின் சின்னமும் உள்ள மேல்பட்டை ஏற்கெனவே திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருந்தது. வளர இடமே இல்லை. இருந்தாலும் ஆயிரம் என்று எழுதினேன், எடுபடாத ஓர் இடத்தில். திரையில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் எழுந்து நின்று பார்த்து, “இப்பத்தான் எடுப்பா இருக்கு,” என்றார்.

நடு நடுவே அக்கா போன் செய்வாள். “என்னடி ஆச்சு? அடுத்த வாரம்னு நீ சொல்லி நாலு மாசம் ஆச்சு.”

“கூட்டம் நடக்குதுக்கா.”

“எதுக்குக் கூட்டம்?”

“அகலத்துக்கு.”

“புண்ணு ஆறவே மாட்டேங்குதுடி,” என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிடுவாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து தசமங்களைத் திருத்துவேன். எரிச்சலாக வரும். யார்மேல் படுவது என்று தெரியாது. எழுதுகிறவள் நான்தானே.

சீட்டுக்கு ஏழு மாதமும் முடிந்து அடுத்த மாதம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பெரிய கூட்டம் நடந்தது. ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒடுங்கு என்று எழுதினாலும், உள்ளே இருக்கும் எழுத்தின் அளவுக்குக் கீழே ஒரு பகுதி ஒடுங்காது; மடியில் பெட்டி வைத்திருப்பவரை எவ்வளவு நெருக்கினாலும் பெட்டியின் அளவோடு நின்றுவிடுமே, அப்படி. குறைந்தபட்ச அகலம் பூஜ்யம் என்று வெளிப்படையாக எழுதினால்தான் இடம் விடும். யாராவது ஒருவருக்காவது இதை எழுத வேண்டும். எழுதாவிட்டால் வலது கோடியில் இருக்கும் தணிக்கைப் பிரிவு திரைக்கு வெளியே போய் விழும். இதை முடிந்த வரை மெதுவாகச் சொன்னேன்.

“பூஜ்யமா?” என்றார் முத்திரை. எழுந்தே விட்டார். “முப்பத்திரெண்டு வருஷ சர்வீஸும்மா எனக்கு. என் குறிப்புரைக்காக எத்தன மனு எத்தன வருஷம் காத்துக் கெடந்திருக்கு தெரியுமா? நாலு வருஷம் காத்திருந்த கோப்பு இருக்கு என்கிட்ட. கேக்க வந்தவரே போய்ச் சேந்துட்டாரு, கோப்பு இன்னும் நிக்குது. அந்தப் பிரிவுக்குக் கொறஞ்சபட்சம் பூஜ்யமா?”

மேஜையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள். கண்காணிப்பாளர் அம்மா, “என் பிரிவுல வேலையே இல்லன்னு சொல்லுங்க, ஒத்துக்குறேன். எடமே இல்லன்னு சொன்னா எப்படி?” என்றார். பூஜ்யம் என்ற எண்ணையே குறிப்பேட்டில் ஏற்றக் கூடாது என்று சட்டப் பிரிவு சொன்னது.

இயக்குநர் பென்சிலால் மேஜையைத் தட்டினார். “திரையில அஞ்சு பகுதி இருக்கு. நாலு பகுதிக்கு இங்க ஆளு இருக்கீங்க. அஞ்சாவது எது?”

“மனு, சார்,” என்றேன்.

“மனு எந்தப் பிரிவோடது?”

யாருக்கும் தெரியவில்லை. மனு வெளியிலிருந்து வருவது, அதனால் அது எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லை என்று கண்காணிப்பாளர் அம்மா தெளிவுபடுத்தினார்.

“அப்ப முறைப்படி கேக்குறேன்,” என்றார் இயக்குநர். “மனுதாரர் தரப்புல ஆட்சேபம் ஏதாவது உண்டா?”

அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வாசலில் நான் இருந்தேன். அவர் பார்வை என்மேல் ஏறி இறங்கிப் போயிற்று. வாயைத் திறக்க எனக்கு ஒரு வினாடி இருந்தது, சத்தியமாக இருந்தது. ஆனால் இன்னொரு கூட்டம் என்றால் மூன்று வாரம். சீட்டுக்கு மிச்சம் பதினேழு நாள். எப்படியாவது கையெழுத்து விழட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். லேப்டாப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

“ஆட்சேபம் இல்லை. குறிச்சுக்கங்க,” என்றார்.

குறைந்தபட்ச அகலம்: பூஜ்யம். நான்தான் என் கையால் எழுதினேன்.

பன்னிரண்டு நாள் கழித்துத் திறப்பு விழா. இயக்குநர் அறையில் கதவகலத்துக்கு ஒரு மானிட்டர் இருந்தது. அதில் எல்லாம் தெரிந்தது, மனு உட்பட. கவுண்டர்களில் இருந்தவை பழைய மானிட்டர்கள், ஆயிரத்து இருநூற்று எண்பது பிக்சல் அகலம். நான்கு பிரிவுகளும் கேட்டு வாங்கிய அகலங்களைக் கூட்டினால் ஆயிரத்து இருநூற்று எழுபத்தெட்டு. மிச்சம் இரண்டு பிக்சல். மனுப் பகுதிக்கு நான் போட்டிருந்த ஓரக் கோடுகள் இரண்டும் அதில் அடங்கிவிட்டன. மனுதாரரின் பெயர், ஊனம், அளவு, அனுமதிப் பொத்தான், எல்லாம் இருந்த இடத்தில் இப்போது ஒரு நூல் கனத்துக்கு ஒரு கோடு.

விழாவில் இயக்குநர் பேசினார். “இந்தத் திரையில ஒவ்வொரு பிரிவும் நிமிந்து நிக்குது. யாரும் யாருக்கும் ஒரு இஞ்ச்கூட விட்டுக்குடுக்கல. இதுதான் ஒற்றுமை. முன்னாடியெல்லாம் திரையத் தொறந்தா மனு, மனு, மனு. பாக்குற ஊழியருக்கு மனசு ஒடிஞ்சு போகும். நேத்து நானே கவுண்டர்ல போய் நின்னு பாத்தேன். கண்ணுக்கெட்டுன வரைக்கும் ஒரு மனுகூட இல்ல. இந்த வாரியத்தோட வரலாத்துல இது மொதல் தடவ.”

கை தட்டினார்கள். வாராந்திர அறிக்கையில் நிலுவை மனுக்கள் என்ற இடத்தில் பூஜ்யம் என்று ஏற்றினார்கள். அந்த இடத்தில் பூஜ்யத்தை ஏற்ற சட்டப் பிரிவுக்கு ஆட்சேபம் இருக்கவில்லை.

சீட்டுக்கு இன்னும் ஐந்து நாள். அகலத்தில் கை வைப்பதென்றால் மறுபடி குழு. மூன்று நாள் யார் யாரிடமோ போய் நின்றேன். நாலாம் நாள் கவுண்டருக்கே போனேன். மூன்றாம் கவுண்டரில் ஓர் எழுத்தர் அம்மா, ஓய்வுக்கு ஒரு வருஷம் பாக்கி. எல்லோரும் அவரை மூணாம் நம்பர் என்பார்கள். எதிரே பெஞ்சில் ஊன்றுகோலோடு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூணாம் நம்பர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்குள்ள என்னமோ இருக்குன்னு தோணுதும்மா. தெனமும் பாக்குறேன்.”

“இருக்கு மேடம். எல்லாம் அப்படியே இருக்கு. அகலம்தான் இல்ல.”

“பொத்தானும்?”

“பொத்தானும்.”

“இருந்தா விரலுக்கு எட்டணுமே,” என்றார். மவுஸை ஓரமாக நகர்த்தி வைத்தார். “இருவது வருஷமா பழைய சாஃப்ட்வேர்ல நான் இந்த எலிய தொட்டதே கெடையாது. டேப் தட்டித் தட்டியே போயிருவேன். இதுலயும் போகுமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரவுசருக்கு அகலம் கண்ணில் படுகிற விஷயம் மட்டும்தான். கீபோர்டில் டேப் பொத்தானைத் தட்டினால், கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ, ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போகும். நான் எழுதிய பக்கத்தை நானே மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

“போகும். ஏழு தடவ தட்டிட்டு என்டர்.”

தட்டினார். ஏழு. என்டர். திரையில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் அடியில், யாரும் சண்டை போடாததால் தப்பித்த கீழ்ப்பட்டையில், ‘அனுமதிக்கப்பட்டது’ என்று ஒரு வரி வந்து நின்றது.

“யாருக்கு அனுமதி ஆச்சு?”

“தெரியாது மேடம். பேரு அந்தக் கோட்டுக்குள்ள இருக்கு.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்க ஆளு யாராச்சும் இதுல இருக்காங்களா?”

ஏழு மாதமாக அடக்கி வைத்தது. “அக்கா பொண்ணு,” என்றேன். “பூட்ஸ். நாளையோட சீட்டு முடியுது.”

“முன்னாடியே சொல்லியிருந்தா தேடி எடுத்திருப்பேன்ல. இப்ப தேடவும் வழியில்ல.” கொஞ்சம் யோசித்தார். பெஞ்சைப் பார்த்தார். “எல்லாம் டாக்டர் பாத்து முடிச்ச மனுதானே. இது ஒண்ணுதான் பாக்கி?”

“ஆமா.”

“அப்ப யாருன்னு பாப்பானேன். எல்லாரையும் அனுப்பிர வேண்டியதுதான்.”

புடைத்த விரல்கள். வலிக்கிறது என்று நடுவில் இரண்டு தடவை உதறிக்கொண்டார். மற்றபடி நிறுத்தவில்லை. ஏழு டேப், ஒரு என்டர். ஏழு டேப், ஒரு என்டர். சாப்பாட்டு நேரத்துக்குள் நானூற்றுப் பதினேழு மனுக்களுக்கு அனுமதி விழுந்தது. அதற்குமேல் தட்டியபோது கீழ்ப்பட்டையில் ‘மனு இல்லை’ என்று வந்தது. மூணாம் நம்பர் டிபன் டப்பாவைத் திறந்தார்.

வாரியத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போன வார அறிக்கையில் நிலுவை பூஜ்யம். இந்த வார அறிக்கையிலும் பூஜ்யம்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா போன் செய்தாள். பெட்டி வந்திருக்கிறது, நீ வராமல் பிரிக்க மாட்டேன் என்கிறாள் உன் செல்லம். போனேன். வாலு பெட்டியைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். பழுப்புத் தோல், பளபளவென்று இரண்டு பக்கிள், பக்கவாட்டில் கம்பி. முகர்ந்து பார்த்தாள். என் மூக்கிலும் வைத்தாள்.

சரியாக அளவுச் சீட்டில் உள்ளபடி செய்திருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. சீட்டுக்குத்தான் ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

முன்பாதம் போயிற்று, குதிகால் போகவில்லை. அக்கா பூட்ஸின் நாக்கைத் தள்ளிப் பார்த்தாள், லேஸைத் தளர்த்திப் பார்த்தாள், பவுடர் தடவிப் பார்த்தாள். பிறகு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. “வளந்துட்டாடி,” என்றாள், ஏதோ தன் தப்புபோல.

வாலு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பூட்ஸைக் கையில் எடுத்தாள். மறுபடி காலை உள்ளே விட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். குதிகால் உள்ளே போய்விட்டது. எழுந்து நின்று இரண்டடி வைத்தாள்.

“பத்துது சித்தி. பாரு.”

“எப்படிடீ?”

“உள்ள வெரல மடக்கிக்கிட்டேன். ஒண்ணும் இல்ல. நான் மடக்கிக்கிறேன் சித்தி, பரவால்ல.”

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது, முகத்தில் சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஸ்டூலும் வாசலும் ஞாபகத்துக்கு வந்தன. “மடக்காதடி,” என்றேன். சத்தமாக வந்துவிட்டது. “கழட்டு. நீ எதையும் மடக்க வேணாம்.” குனிந்து நானே பக்கிளை அவிழ்த்தேன். விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. ரத்தம் திரும்பும் வரை கையில் பிடித்துத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

“நாளைக்கே புது அளவு எடு,” என்று அக்காவிடம் சொன்னேன். “புது மனு போடு. மூணாம் கவுண்டர்ல குடு.”

“மறுபடி எட்டு மாசமாடி?”

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அக்காவின் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். பராமரிப்பு ஒப்பந்தம் இன்னும் இரண்டு மாதம் பாக்கி, வாரியத்துத் திரைக்குச் சாவி என்னிடம்தான் இருந்தது. மனுப் பகுதிக்கு ஐந்நூறு பிக்சல். ஒடுங்கும் தன்மை, பூஜ்யம். முத்திரைக்கு ஒடுங்கும் தன்மை ஒன்று, குறைந்தபட்ச அகலம் பூஜ்யம். கண்காணிப்பாளருக்குக் குறைந்தபட்சம் பூஜ்யம். தணிக்கைக்குப் பூஜ்யம். சட்டத்துக்கும் பூஜ்யம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இயக்குநரின் ஆயிரத்தில் கை வைக்கவில்லை, பாவம், அது இருந்தால் அவருக்கு ஒரு திருப்தி.

திங்கள், செவ்வாய் போன் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயமே விளங்கிற்று. கவுண்டர்க்காரர்களைத் தவிர அந்தத் திரையை வாரியத்தில் யாருமே திறப்பதில்லை. ஆறரை மாதம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தசமத்துக்குச் சண்டை போட்டவர்களில் ஒருவர்கூடத் தன் பகுதியைப் போய்ப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பத்தேகாலுக்கு முத்திரை போன் செய்தார். ஏதோ கையெழுத்துக்காகக் கவுண்டர் பக்கம் போயிருந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

“என்னம்மா பண்ணி வச்சிருக்கே? என் குறிப்புரை நூலாட்டம் ஆயிருச்சு! நடுவுல என்னடான்னா யாரோ ஒரு கொழந்த பேரு, வயசு எட்டு, எடது காலு, அளவுன்னு பெரிய பெரிய எழுத்துல நிக்குது. அந்த அம்மா என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம அனுமதியும் அமுக்கிருச்சு!”

“அமுக்கிட்டாங்களா சார்?”

“கண்ணு முன்னாடி! எங்க பிரிவுக்கு எடமே இல்ல. இப்ப நாங்க என்னதான் பண்றது, சொல்லு?”

ஆறரை மாதம் ஸ்டூலில் உட்கார்ந்து மரத்துப்போன காலை நீட்டி மேஜைமேல் போட்டுக்கொண்டேன்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்,” என்றேன்.